மூலைத் துண்டுகள்

எனக்கு வெறும் வெள்ளைத் தாளைக் கண்டால் ஆகாது. நாமக்கல்லில் பத்திரிகை அடிக்கும் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஸ்கிரீன் பிரிண்டிங் பார்க்கிறவள் இப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் கடையில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எது அடித்தாலும், கட்டு வெளியே போகும் முன் நான்கு மூலையிலும் ஈர மஞ்சளைத் தொட்டு வைத்துத்தான் கொடுப்பேன். மஞ்சள் தொடாமல் போவது கருமாதிப் பத்திரிகை மட்டும்தான். அதனால் மஞ்சள் இல்லாத தாள் கைக்கு வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று மனம் முடிவு கட்டிவிடும். யாராக இருக்கும் என்று உடனே வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கத் தொடங்கும்.

இந்த வியாதி சின்ன வயதிலேயே வந்தது. எட்டாவது படிக்கும்போது, பாடத்தின் நடுவில், வீட்டில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள் என்று தோன்றும். பையைப் போட்டுவிட்டு ஓடுவேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். நான்காவது முறை அப்படி ஓடி வந்தபோது, "இனி நீ இங்கயே இருந்து என்னயப் பாத்துக்கோ சாமி" என்றாள். அதோடு என் படிப்பு நின்றது.

இப்போது பரமத்தி வேலூரில் குடியிருக்கிறோம். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளைப் பற்றிய கவலை வெசனத்தில் பாதியை அவள் மாமியார் எடுத்துக்கொண்டார். மிச்சம் இருப்பவர் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறார். ஜவ்வரிசி லோடு ஏற்றி மகாராஷ்டிரா பக்கம் போனால் திரும்ப பத்து நாள் ஆகும். வண்டியை நிறுத்த வேண்டி வரும் என்று வழியில் தண்ணீர் குடிக்க மாட்டார். இடுப்பு வலி என்று சட்டைப்பையில் எப்போதும் வலி மாத்திரை அட்டை இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மலையேறும் காட் ரோடு வந்தால் கூட ஒன்று. ஒரு வருடமாக, செருப்பைக் கழற்றினால் செருப்பு வாரின் தடம் காலில் பள்ளமாக நிற்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்புகிறது.

"கிட்னியப் பாக்கோணுமுங்க" என்பேன்.

"நீ படாத வெசனமா? போன மாசம் நெஞ்சு, அதுக்கு முந்துன மாசம் சக்கரை. இந்த மாசம் கிட்னி. அடுத்து என்ன, கல்லீரலா? முன்னாலயே சொல்லிப்போட்டா நானும் தயாரா இருப்பேன்" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதத்தில் ஒரு பெண் கடைக்கு வந்தாள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். இல்லாவிட்டால் மொதலாளி அந்த வேலையை எடுத்திருக்கவே மாட்டார். திருச்செங்கோடு ரோட்டில் இருக்கும் இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். சொந்த ஊர் கெங்கவல்லி. எங்கள் பேச்சில் 'ங்க' எங்கெல்லாம் வரும் என்று தெரியாமல் எல்லா இடத்திலும் போட்டுப் பேசிப் பார்த்துச் சிரிப்பாள். கையில் ஃபில்டர் பேப்பர் கட்டு ஒன்று, பாலைவிட வெள்ளையாக. அதில் மையால் அல்ல, மெழுகால் பிரிண்ட் செய்ய வேண்டுமாம்.

"அக்கா, உங்க ஊர்ல வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணி எப்படிப் போகும்?" என்று கேட்டாள்.

"வாய்க்கால்லதான் கண்ணு."

"ரெண்டு பக்கமும் கரை இல்லேன்னா?"

"பரவிக் கெட்டுப்போயிரும்."

"அவ்வளவுதான் விஷயம். இந்தத் தாள்தான் வாய்க்கால், மெழுகுதான் கரை. மோட்டார் வேண்டாம், தாளே தண்ணிய இழுத்துக்கிட்டுப் போகும். இந்தப் பக்கம் ஒரு சொட்டு எச்சில் விட்டா, அந்தப் பக்கம் வட்டத்துல காய வெச்சிருக்கிற மருந்துகிட்டப் போய்ச் சேரும். உப்பு அதிகமா இருந்தா நெறம் மாறும்."

"என்ன உப்பு?"

"கிட்னி சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல ஏறுமே, அந்த உப்பு. கொஞ்சம் எச்சிலுக்கும் வரும்."

கிட்னி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காதடைத்துவிட்டது. லாரி டிரைவர்களுக்கு முகாம் போட்டுப் பார்க்கப் போவதாகவும், ரத்தம் எடுக்க வரச் சொன்னால் ஓடிவிடுகிறவர்கள் துப்பச் சொன்னால் துப்புவார்கள் என்றும் அவள் சொல்லிக்கொண்டே போனாள். மொதலாளி, "துப்பறதுக்குச் சொல்லியா தரோணும் எங்காளுங்களுக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கண் முன்னால் செருப்புத் தடம்தான் நின்றது.

ஒரு தாளில் நாற்பத்தெட்டு துண்டு, சாவி மாதிரி வடிவம். முப்பது தாள். மறுநாள் காலையில் ஃப்ரேமைக் கட்டி, தாள்களை மேஜையில் பரப்பினேன். மேஜை முழுக்க வெள்ளை. அதுவும் கிட்னிக்கான வெள்ளை. எனக்குக் கை ஓடவில்லை. அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட வேலையைக் கருமாதிப் பத்திரிகை மாதிரி தொடங்குவதா? மொதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். மஞ்சளைக் குழைத்து முதல் தாளின் நான்கு மூலையிலும் கட்டை விரலால் தொட்டு வைத்தேன். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதற்கு வைக்காமல் விட்டால், விட்டது யாருக்குப் போகும் என்ற யோசனை வந்துவிடும். முப்பதுக்கும் வைத்தேன்.

பத்திரிகை அட்டையில் மஞ்சள் வைத்த இடத்திலேயே நிற்கும். இந்தத் தாளோ குடித்தது. பொட்டு அளவு வைத்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்தது. பதறிப்போய் ஃபேனைப் போட்டுக் காய வைத்தேன். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிறியது. அப்பாடா என்று அதன்மேல் மெழுகைத் தேய்த்து இறக்கினேன். டீ-ஷர்ட்டுக்குப் படம் ஒட்டும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து எடுத்தபோது மெழுகு தாளுக்குள் அடிவரை உருகி அழகாகக் கரை கட்டியிருந்தது.

வாங்க வந்த பெண் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மூலையில மட்டும் லேசா மஞ்சளா இருக்கே, சூடு ஜாஸ்தியாயிடுச்சாக்கா?"

"ஆமா கண்ணு, சூடுதான்" என்றேன்.

வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மொதலாளி பக்கத்தில் நின்றார், அது ஒரு காரணம். படித்த பெண் முன்னால் மஞ்சள் வைத்த கதையைச் சொல்ல வெட்கம், அது இன்னொன்று. அன்று வீடு போகும் பஸ்ஸில் பரமத்தி வேலூர் வரைக்கும் அந்தப் பொய்யை உருட்டிக்கொண்டே போனேன். சின்னப் பொய்தானே என்று ஒரு மனம். சின்னதாக இருந்தால் ஏன் இப்படிக் குறுகுறுக்கிறது என்று இன்னொரு மனம்.

ஒரு வாரம் கழித்து, மருந்து போட்டுக் காய வைத்த தாள்களை வெட்டித் தரச் சொல்லி மறுபடி கொண்டுவந்தாள். வட்டம் எல்லாம் இப்போது மஞ்சள். அவளுடைய மருந்தே மஞ்சள் நிறம். என் மஞ்சள் அதற்கு அடியில் மறைந்துபோனது, எனக்கும் நிம்மதி. மூலைத் துண்டுகளை மட்டும், "இதுல சூடு பட்டிருக்கு, தனியா வைங்கக்கா, வேணும்னா பாத்துக்கலாம்" என்று ஒரு டப்பாவில் ஒதுக்கினாள். வெட்டும்போது நிறம் காட்டும் அட்டை ஒன்றைக் காட்டினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் சரி. ஆரஞ்சு என்றால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் மோசம்.

"ரொம்பச் செவந்தா என்னங்க கண்ணு அர்த்தம்?"

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்கா. ஏன், வீட்ல யாருக்காவது பாக்கணுமா?"

"இல்ல இல்ல, சும்மாதான்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை நேரில் கூட்டி வரச் சொல்வாள், அவர் வர மாட்டார், நான் அசிங்கப்படுவேன் என்று அதற்குள் மூன்று படி தாண்டி யோசித்துவிட்டேன். அவள் கை கழுவப் போன நேரத்தில் ஒதுக்கிய டப்பாவிலிருந்து நான்கு துண்டுகளை எடுத்து பட்டர் பேப்பரில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அட்டை ஒன்று கூடுதலாகக் கிடந்தது, அதையும். எப்படியும் ஒதுக்கினதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கவர் எடுத்ததில்லை அந்தக் கடையில்.

அந்த வாரம் அவர் வீட்டில் இருந்தார். காலையில் டீக்கு முன்னால் ஒரு ஸ்பூனை நீட்டினேன்.

"துப்புங்க."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. துப்புங்க."

"ஏம்புள்ள, கல்யாணமாகி இருபத்தாறு வருசம் கழிச்சு இப்பத்தான் துப்பச் சொல்றயா? முன்னாலயே சொல்லியிருந்தா நல்லாத் துப்பியிருப்பனே!" என்றார். இருந்தாலும் துப்பினார். ஒரு சொட்டை எடுத்துத் துண்டின் முனையில் விட்டேன். ஈரம் வாய்க்காலில் நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. வட்டத்தைத் தொட்டது. அட்டையைப் பார்த்து நிதானமாக ஒப்பிடுவதற்கெல்லாம் அவசியமே இல்லாமல் செங்கல் நிறமாகச் சிவந்தது.

"என்ன சொல்லுது உன் ஜோசியம்?"

இன்னொன்றில் விட்டேன். அதுவும் சிவப்பு. அட்டையை அவர் கையில் கொடுத்து, என்ன ஏது என்று திக்கித் திக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்துணூண்டு காயிதம். லாரிக்கு ஆயில் பாக்கக்கூட ஒரு முழக் கம்பி இருக்குது. போ புள்ள, டீயப் போடு" என்று சிரித்தார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அன்று பகலிலேயே லோடு இருக்கிறது என்று போன் வந்தது. கிளம்பிவிட்டார்.

மீதி இரண்டு துண்டையும் அவர் வந்த பின் மறுபடி பார்க்க எடுத்து வைத்தேன். எனக்கே ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். தோன்றவே இல்லை. என் பயம் எப்போதும் அடுத்தவர் உடம்பில்தான் குடியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பரமத்தி வேலூரிலிருந்து நான் தினமும் வேலைக்குப் போகும் பஸ், டயாலிசிஸ் செய்யும் ஒரு ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகும். அதுவரை அந்த போர்டை நான் படித்ததில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் வாசலில் எத்தனை பேர், யார் தாங்கிக்கொண்டு நடக்கிறார்கள், எல்லாவற்றையும் பார்த்தேன். இடப்பக்கம் உட்கார்ந்தால் தெரியும் என்று வலப்பக்கம் உட்கார்ந்தேன். வலப்பக்கம் உட்கார்ந்தும் எட்டிப் பார்த்தேன். போன் செய்து, "கால் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், "ரெண்டும் இருக்குது" என்பார். அவர் குரல் தளர்ந்திருப்பதாகத் தோன்றும். டவர் இல்லாததால் அப்படிக் கேட்கிறதா என்று அடுத்த நிமிடம் தோன்றும். மறுபடி கூப்பிடுவேன். வண்டி ஓட்டும்போது கூப்பிட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று நானே துண்டிப்பேன்.

ஆவணிக்கு வந்த முதல் கல்யாணப் பத்திரிகைக் கட்டை மஞ்சள் தொடாமலே கொடுத்துவிட்டேன். பெண் வீட்டுக்காரர் படி இறங்கிவிட்டார். மொதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக் கட்டை வாங்கி வந்து என் முன் போட்டார்.

"ஏம்மா, கல்யாணம் அடிச்சமா, கருமாதி அடிச்சமா? உனக்கு என்னதான் ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்ணா" என்று நான்கு மூலையிலும் தொட்டு வைத்தேன். விரலை இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியில் துடைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தத் துணியை வீட்டில் துவைத்தேன். சோப்புக் கட்டியைப் போட்டதும் மஞ்சள் கறை செக்கச் செவேல் என்று ஆனது.

இது எந்தப் பெண்ணுக்கும் தெரியாததில்லை. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி. எத்தனை ஆயிரம் தடவை பார்த்த சிவப்பு அது. செங்கல் நிறம். நான் துணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் மருந்தைப் பற்றிச் சொன்னது நினைவு வந்தது: "வாய்க்கால்ல காரம் காய வெச்சிருக்கேன்கா, சோப்பு மாதிரி, நனைஞ்சாத்தான் வட்டத்துக்குப் போகும், கை கழுவிக்குங்க."

உள்ளே ஓடி மீதித் துண்டு ஒன்றை எடுத்து, அதில் குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். ஈரம் நடந்தது. வட்டத்தைத் தொட்டது. சிவந்தது.

தண்ணீருக்குக் கிட்னி கிடையாது.

வாய் விட்டுச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷம் துணியை அலசிக் காயப் போடும் வரைக்கும்கூட நிற்கவில்லை. தாள் பொய் சொன்னது என்றால் அவர் நன்றாக இருக்கிறார் என்று ஆகிவிடுமா? பொய் சொன்னது மஞ்சள். அவர் கிட்னியைப் பற்றி இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவே இல்லை. காலில் விழுந்த குழி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்றும் உறைத்தது. முப்பது தாளுக்கு நூற்றிருபது மூலை. நான்கு என்னிடம் வந்தது, மிச்சம் அவளிடம். வரும் ஞாயிறு முகாம். வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் எடுத்து வைத்த டப்பா. அதில் ஒன்றில் எவனோ ஒரு டிரைவர் துப்புவான். அவன் பெண்டாட்டி என்னை மாதிரி பஸ்ஸில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நாள் கணக்கில் உட்காருவாள்.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போகவில்லை. நேரே கல்லூரிக்குப் போனேன். அந்த மாதிரி இடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன், "யாரைப் பாக்கோணும்?" என்றதற்கு, "துப்பறதுக்குத் தாள் செய்யற பொண்ணுங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது, அது ஆச்சரியம்.

அவள் முகம் வாடிக் கிடந்தது. துண்டு போதவில்லை என்று மூலைத் துண்டுகளையும் மற்றதோடு கலந்துவிட்டாளாம். வெறும் தண்ணீர் விட்டுச் சோதித்தால் சிலது சிவக்கிறது, சிலது சிவக்கவில்லை. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு முழுப் பாட்டிலைக் கொட்டிவிட்டாள். முகாமைத் தள்ளிவைக்க அன்றுதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, அது சூடு இல்ல" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், கருமாதிப் பத்திரிகை, முந்தானையில் முடிந்தது, ஸ்பூன், குடத்துத் தண்ணீர்.

அவள் எழுதிக்கொண்டிருந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "மருந்துக்கு ஆரத்தி எடுத்துட்டீங்களாக்கா?" என்றாள். சிரிக்கிறாள் என்று நானும் லேசாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கே கேட்டேன்ல? சூடான்னு கேட்டேன். மஞ்சள்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். மூணு நாளா நான் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கேன். மஞ்சள் வெச்சதுக்குக் கோவமில்லக்கா எனக்கு."

 

தண்ணீர் ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்தாள். பிறகு அவரைப் பற்றிக் கேட்டாள். கால், மாத்திரை, எத்தனை வருடம், எல்லாம். "இந்தத் தாள் தீர்ப்பு சொல்றதில்லக்கா. இதுல மாறினா, போய் ரத்தம் குடுத்துப் பாருங்கன்னு தள்ளி விடறதுக்குத்தான் இது. நீங்க பாட்டுக்கு வீட்ல வெச்சுத் தீர்ப்பு எழுதிட்டீங்க. ஞாயித்துக்கிழமை அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. மாத்திரை இவ்வளவு போடறவருக்குக் கட்டாயம் பாக்கணும்."

அன்றைக்கே கடைக்குத் திரும்பி, புதுத் தாள் முப்பதும் பிரிண்ட் செய்தேன். மொதலாளியிடமும் சொல்லிவிட்டேன், தலையில் அடித்துக்கொண்டார். கையை மூன்று முறை கழுவினேன். மஞ்சள் கிண்ணத்தை ஸ்டூல் போட்டுப் பரண்மேல் வைத்தேன். அப்படியும் ஒவ்வொரு வெள்ளைத் தாளை எடுக்கும்போதும் கட்டை விரல் தானாக மூலைக்குப் போய்த் திரும்பியது. முப்பது தாளும் முடியும்வரை யார் பெயரையும் மனதில் நினைக்காமல் இருக்க, சேலத்திலிருந்து பெங்களூர் வரை டோல்கேட் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். இளைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், அந்தத் தாள் தப்பு, என் மஞ்சள்தான் சிவந்தது என்று.

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

"ஒன்பது நாளு. ஒன்பது நாளு ஒத்த மாத்திரை போடலடி நானு! இடுப்பு கழண்டு உளுகற மாதிரி வலியோட ஓட்டிட்டு வாரேன். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்குலயும் நிறுத்தித் தண்ணியக் குடிச்சு, ஒண்ணுக்குப் போயி, லோடு அரை நாளு லேட்டு. பார்ட்டிகிட்ட ஏச்சு. எல்லாம் உன் மஞ்சளுக்கா?"

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இந்த மனிதர் சிரித்துக்கொண்டே போய், வழியெல்லாம் பயந்திருக்கிறார். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்ப் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தார். "காயிதமே பொய்யின்னு ஆயிப்போச்சு. அப்பறம் எனக்கென்ன?" ஒன்றைப் பிதுக்கினார்.

உண்மையைச் சொன்னது தப்போ என்று ஒரு கணம் நினைத்தேன். பொய்த் தாள் ஒன்பது நாள் அவரைத் தண்ணீர் குடிக்க வைத்தது. உண்மை ஒரு நிமிடத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டது. பாய்ந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழமை முகாமுக்கு வாங்க. நல்ல தாளு, மஞ்சள் இல்லாத தாளு. அது சரீன்னு சொல்லிருச்சுன்னா, அப்பறம் உங்க ஒடம்பப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டனுங்க."

"வாயே தொறக்க மாட்ட?"

"மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"எப்பவுமே."

அவர் மாத்திரையை அட்டைக்குள் திரும்ப வைக்கப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அதுக்காகவாவது வாரேன்" என்றார்.

லாரி நிற்கும் மைதானத்தில் ஷாமியானா போட்டு முகாம். டிரைவர்கள் வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். "மாமா, பான்பராக்கைத் துப்பிப்போட்டு அப்பறம் துப்பு, தாளு பயந்துக்கப் போவுது" என்று ஒருவர் கத்த, கூட்டமே சிரித்தது. அந்தப் பெண் என் வீட்டுக்காரரின் சொட்டைத் தாளில் விட்டு, பத்து நிமிடம் உட்காரச் சொன்னாள். பக்கத்திலேயே இன்னொரு துண்டில் வெறும் தண்ணீரும் விட்டு வைத்தாள். எனக்காகத்தான் விட்டாள் என்று தெரிந்தது.

தண்ணீர் விட்டது மஞ்சளாகவே இருந்தது. அவருடையது ஆரஞ்சு. அட்டையில் நடுவில் இருக்கும் ஆரஞ்சு. சிவப்பு இல்லை, மஞ்சளும் இல்லை.

"இப்ப என்ன மஞ்சள் வெச்ச?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கேலிக்கான குரல் இல்லை அது.

"பயப்படாதீங்கண்ணா. நாளைக்கே ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க" என்றாள் அவள்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில், நான் ஒன்றும் சொல்லாமலே, அவரே சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். டாக்டர் சீட்டைப் பார்த்து, உப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, இப்போதே வந்தது நல்லது என்றார். வலி மாத்திரையை இன்றோடு விட வேண்டும், இடுப்புக்கு வேறு வழி பார்க்கலாம், தண்ணீர் குடிக்க வேண்டும், ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் ஏறுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியும். வெளியே வந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிதுக்கின ஒன்று மட்டும் தனியாக உள்ளே கிடந்தது. அதையும் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

"வாயத் தொறக்கலாமுங்களா?" என்றேன்.

"தொற, தொற. தாளு சரீன்னு சொல்லலையே" என்றார்.

இதை எழுதும்போது அந்த ஒரு மாதத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அவர் சோலாப்பூர் பக்கம் போயிருக்கிறார். தினமும் போன் எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஒண்ணுக்கு என்ன நெறத்துல போச்சுங்க?" என்பதுதான். பக்கத்தில் ஆள் இருந்தால், "வெள்ளை வண்டிதான்" என்பார். ஆள் இல்லாவிட்டால், "அடிப்பாவி, இதுக்கு அந்தக் காயிதமே தேவலை" என்பார். போனில் நிறம் தெரிவதில்லை. அவர் என் வாயை அடைக்கச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா, எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்று, தண்ணீர் குடித்தீர்களா என்று மூன்றாவது தடவை கேட்டபோது பட்டென்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. லாரி டயருக்குப் பக்கத்தில், மூடி திறந்த இரண்டு லிட்டர் பாட்டில், காலியாக. எழுத்து ஒன்றும் இல்லை.

விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடிக்காமல் கீழே கொட்டியிருப்பாரோ என்று, பாட்டிலைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். காய்ந்த மண்ணாகத்தான் தெரிந்தது. டயரின் நிழல் விழுந்த இடம் மட்டும் சரியாகத் தெரியவில்லை.